இருபத்தேழும் இரண்டரையும்

மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்



2025 நவம்பரில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நூலக வார விழா நடந்தது. வருடா வருடம் நவம்பர் 14 முதல் 20 வரை நடக்கிற விழாதான். அங்கே வாசகர் வட்டத்தார் நடத்தும் ஓராண்டு வாசிப்புப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். ஒரு கேடயம், ஒரு சான்றிதழ், கைகுலுக்கி ஒரு போட்டோ. அந்தக் கேடயம் இப்போது எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் சாமி படத்தைத் துடைக்கும்போது அம்மா அதையும் சேர்த்துத் துடைப்பார். அந்த நேரம் பார்த்து நான் சட்டையைத் தேடுகிற மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. என் கதையைச் சொல்லி மலரின் பக்கத்தை நிரப்பும் ஆசையில் அல்ல. நம் மாணவர் மன்றம் வருகிற கல்வியாண்டில் நம் கல்லூரி நூலகத்திலும் இதே மாதிரி ஒரு போட்டி தொடங்கப் போகிறது. "ஒரு வருடம், 30 புத்தகம்" என்று நோட்டீஸ்கூட எழுதி வைத்துவிட்டார்கள், நானே பார்த்தேன். நல்ல காரியம், கைதட்ட வேண்டிய காரியம். ஆனால் அந்த 30 மட்டும் வேண்டாம் என்கிறேன். மன்றத்து நண்பர்கள் கோபித்துக்கொள்ளாமல் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டட்டும்.

எங்கள் ஊர்ப் போட்டியின் விதி ரொம்ப எளிது. நூலகத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் வருடத்துக்கு 25 புத்தகமாவது படிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டில் அரைப் பக்கம் எழுதி, நூலகரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதிகம் படித்தவருக்கு முதல் பரிசு. நூலக வாசலில் ஒரு பெரிய சார்ட் ஒட்டியிருப்பார்கள். அதில் எல்லார் பெயரும் இருக்கும், பெயருக்கு நேரே கட்டத்தில் எண்ணிக்கையும் இருக்கும். நம்ம நோட்டீஸ் போர்டில் இன்டர்னல் மார்க் ஒட்டுகிற அதே மாதிரிதான்.

2024 நூலக வாரத்தில் பெயர் கொடுத்தேன். முதல் மாதம் யோக்கியமாகத்தான் படித்தேன். ஒரு நாவல் எடுத்து மூன்று வாரம் பொறுமையாகப் படித்து, அரைப் பக்கத்துக்குப் பதிலாக இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். நூலகர் சார் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து சார்ட்டைப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே 1. எனக்கு மேலே இருந்தவருக்கு 6.

அன்றைக்குப் போனது என் யோக்கியதை. அதற்குப் பிறகு அலமாரி முன்னால் போய் நின்றால் என் கண் தலைப்பைப் பார்க்காது, தடிமனைத்தான் பார்க்கும். வெர்னியர் காலிப்பர் இல்லாமலே எது 48 பக்கம், எது 64 பக்கம் என்று சொல்லிவிடுவேன். (சின்னப் புத்தகமெல்லாம் 32, 48, 64 என்றே இருப்பது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? அச்சகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்கு. நான் போட்டியில் கற்றுக்கொண்ட விஷயங்களில் இதுவும் ஒன்று!) சிறுவர் அறிவியல் வரிசை, தலைவர்கள் வாழ்க்கைச் சுருக்கம், உடல்நலக் குறிப்புகள், எட்டு வரிக்கு ஒரு பக்கம் விட்ட கவிதைத் தொகுப்புகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை மட்டும் மூன்று முடித்த வாரமும் உண்டு.

திருக்குறளையும் ஒரு புத்தகம் என்று கணக்கில் எழுதினேன். 1330 குறள், ஒரே ராத்திரி. மறுநாள் காலையில் யாராவது ஒரு குறள் சொல் என்று கேட்டிருந்தால், பத்தாம் வகுப்பில் மனப்பாடம் பண்ணியதைத்தான் சொல்லியிருப்பேன். இதையும் சொல்லிவிடுகிறேன்: இரண்டு புத்தகங்களைத் திறக்கவே இல்லை. பின்னட்டையில் இருந்ததைக் கொஞ்சம் வார்த்தை மாற்றி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். அச்சில் வந்த பிறகு பரிசைத் திருப்பிக் கேட்டாலும் கொடுக்கத் தயார். அம்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான் பிரச்சினை.

இப்படிச் சேர்ந்தது 27. முதல் பரிசு வாங்கியவருக்கு 34. அவர் எப்படிப் படித்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு யோக்கியதையும் இல்லை.

நடுவில் ஒரு தமாஷ். கல்கியின் பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். கல்கி பத்திரிகையில் 1950-லிருந்து 1954 வரை தொடராக வந்தது. எங்கள் நூலகத்தில் அது இரண்டு விதமாக இருக்கிறது: தனித்தனியாக ஐந்து புத்தகம், எல்லாம் ஒன்றாகக் கட்டிய தடிமனான ஒரே புத்தகம். தனிப் பாகங்களாகப் படித்த அக்கா ஒருவருக்கு ஐந்து மார்க். மொத்தமாகப் படித்த ரிட்டயர்டு வாத்தியாருக்கு ஒரு மார்க். வாத்தியார் விடுவாரா? "அதே வந்தியத்தேவன், அதே குதிரை, எனக்கு மட்டும் ஒண்ணா?" என்று வாசகர் வட்டக் கூட்டத்திலேயே எழுந்து நின்றுவிட்டார். அரை மணி நேரம் நடந்தது விவாதம். கதையைப் பற்றி அந்த அரை மணியில் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாரும் சிரித்தோம். இப்போது யோசித்தால், எண்ணிக்கை என்ற பூதம் எங்கள் எல்லார் மேலும் ஏறிக்கொண்டதை அன்றைக்கே கண்டுபிடித்திருக்கலாம்.

இனி என் நண்பனைப் பற்றி.

அவன் நம் கல்லூரிதான், சிவில். பெயர் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் என்னோடு வருகிறவன் என்றால் சிலருக்குத் தெரிந்திருக்கும். சாயங்காலம் ஒரு புரோட்டாக் கடையில் வேலை. பத்தரை, பதினொன்றுக்குக் கடை எடுத்து வைத்த பிறகுதான் அவனுக்குச் சொந்தமான நேரம். படிக்கிற வேகமும் மெதுவு. வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே, ஒரு வரி பிடித்துவிட்டால் திரும்ப மேலே போய்ப் படிப்பவன். போட்டிக்கு அவனை இழுத்துக்கொண்டு போனதே நான்தான்.

முதல் மூன்று மாதத்தில் அவன் இரண்டு புத்தகம் முடித்தான். பிப்ரவரியில் ஒருநாள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு செங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தான். சு. வெங்கடேசனின் காவல் கோட்டம். 2008-ல் வெளிவந்து 2011-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கிய நாவல். ஆயிரம் பக்கத்துக்கு மேல். "டேய், போட்டி முடிஞ்சிரும்டா" என்றேன். "நம்ம மதுரைக் கதையாம் மாப்ளே" என்றான்.

ஒரு நாளைக்கு மூன்று பக்கம், நான்கு பக்கம். ஆனால் அந்த மூன்று பக்கத்தை மறுநாள் காலை பஸ்ஸில் எனக்குச் சொல்லுவான் பாருங்கள்! கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே சொல்லுவான். மதுரையைச் சுற்றிப் பெரிய கோட்டைச் சுவர் இருந்ததும், 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் அதை இடித்து அகழியைத் தூர்த்ததும், அந்த இடத்தில்தான் இப்போதைய வெளி வீதிப் பக்கத்துத் தெருக்கள் வந்தன என்பதும் எனக்கு அவன் வாயால்தான் தெரியும். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று போர்டு பார்த்திருப்பீர்கள். லாட்ஜும் ஹோட்டலுமாக இருக்கும். சினிமாவுக்குப் போகும்போது எத்தனையோ தடவை அந்த வழியாக நடந்திருக்கிறோம். அந்த இடிப்பு வேலையில் முன்னால் நின்றவர்களின் பெயர்கள்தான் அவை என்று அவன் சொன்ன அன்றைக்கு, எனக்கு உடம்பு ஒருமாதிரி சிலிர்த்தது.

அவனுக்கு அது வேறு மாதிரி பட்டிருக்கிறது. அவன் அப்பா கொத்தனார். "மாப்ளே, ராஜா பேர்ல தெரு இருக்கும், சாமி பேர்ல தெரு இருக்கும். ஒரு மேஸ்திரி பேர்ல தெரு இருக்குடா!" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு போய் அந்தத் தெருக்களில் வெயிலில் நடக்க வைத்தான். சுவர் எங்கே ஓடியிருக்கும் என்று சர்வே நோட்டில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தான். அவன் போட்ட கோடு சரியா தப்பா எனக்குத் தெரியாது. செமஸ்டருக்குக்கூட அவன் அப்படி ஒரு படம் போட்டு நான் பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் சார்ட்டில் கட்டம் ஏது? பிப்ரவரியில் 2. மார்ச்சில் 2. ஜூனில் 2. முடித்தால்தானே மூன்றாவது? நூலகத்துக்கு வருகிற சின்னப் பசங்கள் முதல் பேப்பர் படிக்க வருகிற பெரியவர்கள் வரை எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி அவன் பெயருக்கு நேரே அந்த 2 உட்கார்ந்திருந்தது. பேப்பர் படிக்க வந்த ஒருவர், "ஏம்ப்பா, எழுத்துக்கூட்டிப் படிக்கிறியா?" என்று கேட்டார். கேலியாகத்தான். நானும் சும்மா இல்லை. "என்ன மாப்ளே, தேர் நிலைக்கு வந்த மாதிரி ரெண்டுலயே நிக்கிற?" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டேன். எனக்கு அப்போது 19. பெரிய படிப்பாளி!

ஆகஸ்டில் அவன் நூலகத்துக்கு வருவதை நிறுத்தினான். புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, உறுப்பினர் அட்டையையும் ஒப்படைத்துவிட்டு, காப்புத்தொகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டான். எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். கேட்டதற்கு, "விடு மாப்ளே, நமக்கு இதெல்லாம் ஆவாது" என்றான். அந்த "நமக்கு" என்ற சொல்லில் யார் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று நண்பர்களே, நம் வகுப்பைச் சுற்றி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானும் அதில் ஒருவன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் 27 புத்தகமும் சேர்த்து மொத்தம் 1,730 பக்கம். அதில் திறக்காத இரண்டையும் குறள் ராத்திரியையும் கழித்தால் 1,230 பக்கம்தான் தேறும். அவன் முடித்த இரண்டும், முடிக்காத அந்த ஒன்றில் படித்த 640 பக்கமும் சேர்த்தால் 1,150. கிட்டத்தட்டச் சமம்! எனக்குக் கேடயம், அவனுக்கு அந்த 2.

அப்படியானால் பக்கத்தை எண்ணலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். வேண்டாம் ஐயா. அடுத்த வருடம் எல்லாரும் பெரிய எழுத்துப் புத்தகத்துக்கு அலைவோம். நாம் எப்படிப்பட்ட ஆட்கள் என்று நமக்குத் தெரியாதா? எதை எண்ணுகிறீர்களோ அதில்தான் தில்லுமுல்லு நடக்கும்.

எண்ணுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. என் அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. அங்கே எண்ணிக்கைதான் நியாயம், எண்ணாவிட்டால்தான் ஏமாற்றுவார்கள். ஒவ்வொரு மூட்டையும் ஒரே எடை, ஒரே தூரம். போட்டியில் சேர்ந்த பிறகு ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்பார், "இன்னைக்கு எத்தனைடா ஆச்சு?" அவருக்குத் தெரிந்த அளவுகோல் அது. புத்தகத்தில் என்ன இருந்தது என்று அவரிடம் சொல்ல நான் ஒருநாளும் முயற்சி பண்ணவில்லை. "பதினெட்டு ஆச்சுப்பா" என்றால் போதும், அவர் முகம் மலர்ந்துவிடும். பரிசு வாங்கிய அன்றைக்கு டீக்கடையில் எல்லாரிடமும், "எம்பையன் இருபத்தேழு புஸ்தகம் படிச்சுட்டான்" என்று சொல்லியிருக்கிறார். ஒரே எடை இல்லாத மூட்டைகளை எண்ணிக் காட்டி அவரிடமே கூலி வாங்கியவன் நான். கேடயத்தைத் துடைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது இதனால்தான்.

இன்னொன்று. எங்கள் வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி தனியாக இருக்கும். தமிழ்நாட்டுப் பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்தது. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலகத்துக்குப் போகிறது. அப்பா ஒரு தடவைகூட நூலகத்துக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் வருடா வருடம் அதற்குக் காசு கட்டியிருக்கிறார். என் நண்பனின் அப்பாவும்தான். நூலகம் யாரோ நமக்குப் போடுகிற பிச்சை இல்லை. அதனால்தான் ஒருவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவது எனக்குச் சாதாரண விஷயமாகப் படவில்லை.

சரி, எதிர்க்கட்சியின் வாதத்தையும் பார்ப்போம். "நம்பர் இல்லேன்னா எவன்டா வருவான்?" என்று மன்றத்தில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பரிசு என்று ஒன்று இல்லாவிட்டால் நானே அந்தப் பக்கம் போயிருக்க மாட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் அந்தக் கட்டடம் இருப்பது அதுவரை கண்ணில் பட்டதேயில்லை. உலகத்தில் பல இடங்களிலும் எண் வைத்துத்தான் நடத்துகிறார்கள். இங்கிலாந்தில் 1999-லிருந்து கோடை விடுமுறையில் நூலகங்கள் சேர்ந்து ஒரு வாசிப்புச் சவால் நடத்துகின்றன. 4 வயது முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆறு புத்தகம் என்று தொடங்கியது. துபாயில் 2015-ல் தொடங்கிய அரபு வாசிப்புச் சவாலில் பள்ளி மாணவர்களுக்கு வருடத்துக்கு 50 புத்தகம். படித்ததைப் பாஸ்போர்ட் மாதிரியான சின்ன நோட்டில் சுருக்கி எழுத வேண்டும். ஓரிடத்தில் 6, ஓரிடத்தில் 50, எங்கள் ஊரில் 25, நம் மன்றத்தில் 30! எந்த எண் சரி என்று எந்தத் தராசில் வைத்துப் பார்ப்பது?

அந்தச் சவால்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கானவை. படிக்கிற பழக்கத்தை உண்டாக்குவது அங்கே நோக்கம். சின்னப் பிள்ளைகளின் புத்தகங்களும் ஏறக்குறைய ஒரே பருமன். அங்கே எண்ணினால் பெரிய அநியாயம் நடந்துவிடாது. வாசலுக்கு வரவழைக்க ஒரு எண் உதவும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே வந்த பிறகும் அதே எண்ணைத் தலைக்கு மேல் தொங்கவிட்டால், மெதுவாகப் படிப்பவன்தான் முதலில் வெளியே போவான். வேகமாகப் புரட்டுகிறவன் கேடயத்தோடு போவான். நம் கல்லூரியில் மெதுவாகப் படிப்பவர்கள் அதிகமா, வேகமாகப் படிப்பவர்கள் அதிகமா? சாயங்காலம் வேலைக்குப் போகிறவர்களையும், தமிழ் மீடியத்திலிருந்து வந்து ஆங்கிலப் பாடப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களையும் சேர்த்து எண்ணிச் சொல்லுங்கள். (எண்ணுவதை இந்த ஒரு இடத்தில் அனுமதிக்கிறேன்.)

மெக்கானிக்கல் மாணவர்களுக்காக ஒரு சேதி. இந்திய நூலகத் துறையின் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர், 1892-ல் பிறந்தவர். அவர் முதலில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் வேலைக்கு வந்தார். வந்த புதிதில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், பழைய வாத்தியார் வேலைக்கே போய்விடலாமா என்று தவித்தவர்! பிறகு லண்டனுக்குப் படிக்கப் போனார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ செட்டைப் பார்த்தார். துளை போட்ட பட்டை, போல்ட், நட் எல்லாம் வைத்துப் பிள்ளைகள் விதவிதமாகக் கோர்த்து விளையாடுவார்களே, அதேதான். அந்த நாலைந்து உறுப்புகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் எத்தனையோ பொம்மை வருகிற மாதிரி, புத்தகங்களையும் வகைப்படுத்தலாம் என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து வந்ததுதான் 1933-ல் வெளியான கோலன் பகுப்பு முறை. போல்ட்டையும் நட்டையும் பார்த்து நூலக விஞ்ஞானம் கண்டுபிடித்தவர் நம்ம ஆள்தானே!

அவர் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நூல்கள் பயன்படுவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு உரிய நூல் என்பது இரண்டாவது. ஐந்தையும் தேடிப் படித்தேன். எத்தனை நூல் என்ற பேச்சு ஒன்றிலும் இல்லை. அந்த இரண்டாவது விதிப்படி பார்த்தால், எங்கள் ஊர்ப் போட்டியில் தனக்கு உரிய நூலைக் கண்டுபிடித்தவன் என் நண்பன்தான். நான் கண்டுபிடித்தது 16 பக்க ஃபாரம்.

ஆகவே மன்றத்துக்கு என் விண்ணப்பம். போட்டி நடக்கட்டும், நோட்டீஸில் 30-ஐ அடித்துவிடுங்கள். சார்ட் வேண்டவே வேண்டாம். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில், பெயர் கொடுத்தவர்கள் எல்லாரும் வட்டமாக உட்காரட்டும். அந்த மாதம் படித்ததில் தனக்குப் பட்ட ஒரு இடத்தை ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் சொல்லட்டும். முடித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பாதிப் புத்தகம் படித்தவனும் பேசலாம், பிடிக்காமல் மூடி வைத்தவன் ஏன் மூடினேன் என்றும் பேசலாம். பின்னட்டையைக் காப்பியடித்து ஐந்து நிமிடம் பேச முடியாது. அனுபவஸ்தன் சொல்கிறேன், எழுதத்தான் முடியும். என் நண்பன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னதை ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து சொல்ல ஒரு இடம் இருந்திருந்தால் அவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்திருப்பானா? பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், முதல் மாதத்திலிருந்து கடைசி மாதம் வரை வட்டத்துக்கு வந்த எல்லாருக்கும் ஒரு புத்தகம் கொடுங்கள். அதற்கு ஆகும் செலவு கேடயத்துக்கு ஆகும் செலவைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அதற்கு நான் வசூலுக்கு வருகிறேன்.

இதைவிட முக்கியம் நேரம். நம் நூலகம் நாலரைக்கு மூடுகிறது. கடைசி பீரியட் முடிவது நாலேகால், லேப் இருந்தால் நாலரையே ஆகிவிடும். பதினைந்து நிமிடத்தில் ஓடிப்போய், டோக்கனைக் கொடுத்து, புத்தகத்தைத் தேடி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பஸ்ஸையும் பிடிக்க வேண்டும்! 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போன நடமாடும் நூலகம் ஓடியிருக்கிறது. அவர்கள் மாட்டைப் பூட்டினார்கள். நாம் கதவைப் பூட்டுகிறோம். மதிய உணவு நேரத்திலும், சாயங்காலம் ஐந்தேகால் வரையிலும் திறந்து வைத்தால் கடைசி பஸ்காரர்களும் உள்ளே வருவார்கள். நூலகர் மேடத்துக்கு இதனால் கூடுதல் வேலை என்பது தெரியும். மன்றத்திலிருந்து தினம் இரண்டு பேர் உதவிக்கு நிற்கலாம். செமஸ்டர் லீவுக்கும் புத்தகம் கொடுக்க வேண்டும். லீவு நாளில்தான் சார், எங்களுக்குப் படிக்க நேரம் கிடைக்கிறது. தொலைத்துவிடுவோம் என்று பயம் இருந்தால் நோ டியூஸில் பிடித்துக்கொள்ளுங்கள். ஹால் டிக்கெட்டே உங்கள் கையில்தானே இருக்கிறது!

பாட சம்பந்தமான புத்தகம் கணக்கில் சேராது என்றும் நோட்டீஸில் ஒரு வரி பார்த்தேன். அதையும் எடுத்துவிடலாம். டீசல் என்ஜின் புத்தகத்தை ஒருவன் பரீட்சைக்கு இல்லாமல் ஆசைக்குப் படித்தான் என்றால் அதைவிட என்ன வேண்டும்?

கடைசியாக ஒரு விஷயம். பரிசு வாங்கிய மறுவாரம் நான் நூலகத்துக்குப் போய்க் காவல் கோட்டத்தை எடுத்து வந்தேன். போட்டிக்காக அல்ல; இந்த வருடம் பெயரே கொடுக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாலு முத்திரை வரிசையாக இருந்தது. எல்லாம் அவனுடையது. நூலகர் சார் முகம் சுளிக்காமல் புதுப்பித்துக் கொடுத்திருக்கிறார். 640-ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் மடித்து வைத்திருந்தது.

நான் இப்போது 112-ஆம் பக்கத்தில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு நான்கு பக்கம், சில நாள் இரண்டு. போன வாரம் பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்குப் படித்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். ரொம்ப நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். நான் ஒரு பெயரைத் தப்பாகச் சொன்னதும் சட்டென்று திரும்பித் திருத்தினான். இறங்கும் இடம் வந்தபோது எழுந்து பையை மாட்டிக்கொண்டே கேட்டான்:

"உள்ள ஒரு டிக்கெட் இருக்குமே, இருக்கா?"

"இருக்கு."

"எடுத்துறாத மாப்ளே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.